சென்னை வெயில்ல போன்சாய்: மரம் தேர்ந்தெடுக்குறதுல இருந்து வேர் வெட்டுறது வரைக்கும்

போன்சாய் பத்தி என்கிட்ட கேக்குறவங்க பெரும்பாலும் கேக்குறது ஒரே கேள்விதான், "ஹால்ல டிவி பக்கத்துல வைக்குற மாதிரி ஒரு நல்ல மரம் சொல்லுங்க". நான் திருப்பி கேக்குறதும் ஒரே கேள்விதான், உங்க வீட்ல வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, எவ்வளவு நேரம் அடிக்குது? அதுக்கு பதில் தெரிஞ்சா மரத்தை நானே சொல்லிடுவேன், தெரியலன்னா என்ன மரம் வாங்கினாலும் மூணு மாசத்துல காய்ஞ்சு போகும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். போன்சாய்னு தனியா ஒரு ரகம் கிடையாது. ஜப்பான் பாஷைல போன்னா ஆழம் கம்மியான தட்டு, சாய்னா அதுல நட்டு வளக்குறது, அவ்வளவுதான். ரோட்டோரம் நிக்குற அதே ஆலமரம், அதே புளிய மரம், அதைத்தான் தட்டுல வெச்சு வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி சின்னதா வெச்சிருக்கோம். அதனால ஆன்லைன்ல "போன்சாய் விதை"ன்னு பாக்கெட் போட்டு விக்குறதை வாங்காதீங்க, அது சாதாரண மர விதைதான். ரோட்டுல நிக்குற மரத்துக்கு வெயில், காத்து, மழை எல்லாம் எப்படி வேணுமோ அப்படியே தட்டுல இருக்குற மரத்துக்கும் வேணும்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு ஜூனிபர் மரத்தை இழந்துதான். ஒரு நர்சரில இன்டோர் பிளான்ட்டுன்னு சொல்லி குடுத்தாங்க, பார்க்க அப்படியே படத்துல வர்ற மாதிரி இருந்துச்சு, ஆசையா வாங்கிட்டு வந்து ஹால்ல ஏசிக்கு எதிர்ல வெச்சேன். ரெண்டு மாசம் பச்சையாவே இருந்துச்சு, நல்லா இருக்குன்னு நெனச்சு தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் கிளையைத் தொட்டா இலை எல்லாம் பொலபொலன்னு கொட்டுது. ஜூனிபர் வேர் செத்து பல வாரம் ஆனாலும் இலை பச்சை மாறாம நிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த மரத்துக்கு குளிர்காலம்னு ஒண்ணு வேணும், நாள் பூரா வெளிய இருக்கணும். ஊட்டி, கொடைக்கானல்ல இருக்குறவங்க ஜூனிபர், பைன் எல்லாம் தாராளமா வளக்கலாம், சென்னை, மதுரை, திருச்சில இருக்குறவங்க அதை விட்டுடுங்க, மேப்பிளும் வேணாம். நம்ம ஊர் மரத்துலயே அவ்வளவு அழகு இருக்கு.

வீட்டுக்குள்ள வைக்கலாமா

வைக்கலாம், ஆனா எங்கன்றதுதான் விஷயம். ஜன்னல்ல இருந்து ரெண்டு அடி, மூணு அடிக்குள்ள வைக்கணும். நம்ம கண்ணுக்கு ஹால் பூரா ஒரே வெளிச்சமா தெரியும், ஆனா ஜன்னலை விட்டு தள்ளிப் போகப் போக வெளிச்சம் மளமளன்னு குறையும், கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கிறதால நமக்குத் தெரியறதில்ல. கிழக்கு பார்த்த ஜன்னல் இருந்தா அதைவிட நல்ல இடம் இல்ல, காலை வெயில் மூணு மணி நேரம் விழுந்தாலே ஃபைக்கஸ், அதாவது ஆல், அரசு, அத்தி இனத்து மரங்க, தாக்குப்பிடிக்கும். வடக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்குன்னா க்ரோ லைட், அதாவது செடி வளரன்னே விக்குற விளக்கு, வாங்கி ஒரு அடி மேல தொங்கவிட்டு தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்க, இல்லன்னா அடுத்து நான் சொல்றபடி மாத்தி மாத்தி வைங்க.

ஜப்பான்லயே போன்சாயை வீட்டுக்குள்ள நிரந்தரமா வைக்கிறதில்ல. வீட்ல தொக்கோனொமான்னு ஒரு மாடம் மாதிரி இருக்கும், விருந்தாளி வந்தா, விசேஷம்னா மரத்தை அங்க கொண்டு வந்து ரெண்டு மூணு நாள் வெச்சுட்டு திரும்ப வெளிய கொண்டு போயிடுவாங்க. நானும் அதே மாதிரிதான் பண்றேன், ரெண்டு மரம் வெச்சிருக்கேன், ஒண்ணு மூணு நாள் ஹால்ல இருக்கும், அப்ப இன்னொண்ணு மொட்டை மாடில இருக்கும், அப்புறம் மாத்திடுவேன். ஆனா உள்ளயே இருந்த மரத்தை திடீர்னு மே மாச மதிய வெயில்ல வைக்கக் கூடாது, இலை வெந்துடும், நிழல்ல ஒரு வாரம் வெச்சு பழக்கணும்.

உள்ள வைக்க தைரியமா சொல்லக்கூடியது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா, நம்ம ஊர்ல கல்லிச்சின்னு சொல்ற மரம் இதுதான். கடையில ஜின்செங்னு குண்டு குண்டா வேரோட விக்குறதும் இதுதான், மேல சின்ன இலை ரகத்தை ஒட்டு கட்டியிருப்பாங்க. அதுக்கு அடுத்து ஜேட், அதுலயும் சின்ன இலை, சிவந்த தண்டு இருக்குற போர்ட்டுலகேரியா. அது தண்டுலயும் இலைலயும் தண்ணி சேர்த்து வெச்சுக்கும், ஊருக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்தாலும் இருக்கும். வெளிச்சம் பத்துதான்னு ஜேட் கிட்டயே கேட்டுக்கலாம், புதுசா வர்ற கிளைல ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவுல இடைவெளி நீண்டுக்கிட்டே போனா வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம், நெருக்கமா வந்தா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். ஃபைக்கஸ் பெஞ்சமினாவும் உள்ள வரும், ஆனா இடம் மாத்துனா உடனே பாதி இலையைக் கொட்டிடும், பயந்து தண்ணியை அதிகமா ஊத்தி நிறைய பேர் அழுக வெச்சிடுறாங்க. கொட்டட்டும், மூணு நாலு வாரத்துல துளிர் வரும். ஏசி காத்து நேரா படுற இடத்துல மட்டும் எதையும் வைக்காதீங்க.

மொட்டை மாடி இருக்குறவங்களுக்கு

நீங்க குடுத்து வெச்சவங்க. ஆல், கல்லிச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, அடீனியம் (பாலைவன ரோஜான்னு விக்குறது), மாதுளை எல்லாமே வரும். எனக்கு ரொம்ப பிடிச்சது புளி, இலை ஏற்கனவே பொடிப்பொடியா இருக்குறதால சின்ன மரத்துக்கு அளவு பொருந்திப் போகும், பட்டை வெடிச்சு சீக்கிரமே கிழட்டு மரம் மாதிரி தெரியும், சாயங்காலம் ஆனா இலை எல்லாம் மடிஞ்சு தூங்கும், ஆறு மணிக்கு மாடிக்குப் போய் அதைப் பார்க்குறதுக்கே வளக்கலாம். அரச மரம் எல்லாருக்கும் ஆசை இருக்கும், வளக்குறது சுலபம், ஆனா இலையை சின்னதாக்குறது கஷ்டம். ஆரம்பத்துல ஆல், கல்லிச்சி ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கங்க, தப்பு பண்ணாலும் மன்னிக்கிற மரம். காகிதப்பூ பூத்தா கண் கொள்ளாது, ஆனா அதோட வேர் ரொம்ப மென்மை, தொட்டி மாத்தும்போது உலுக்கக் கூடாது, கட்டை மெத்துனு இருக்குறதால பெரிய வெட்டு வெட்டினா அந்த இடம் உள்ள அழுகும், வெட்டு வாயில மரத்து வெட்டை மூடுறதுக்குன்னே விக்குற பேஸ்ட்டைப் பூசிடணும்.

நர்சரில என்ன பார்க்கணும்னா இலையைப் பார்க்காதீங்க, குனிஞ்சு அடித்தண்டைப் பாருங்க. மேல் மண்ணை விரலால கொஞ்சம் விலக்கினா வேர் நாலா பக்கமும் பரவி தரையைப் பிடிச்ச மாதிரி இருக்கணும், ஒரே பக்கமா இருந்தா பின்னாடி சரி பண்றது பெரிய வேலை. தண்டு அடியில தடிச்சு மேல போகப் போக மெலிஞ்சிருக்கணும். லேசா ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடினா நேத்துதான் தொட்டி மாத்தியிருக்காங்க. தொட்டியைத் தூக்கி அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க. முக்கியமா மேல கூழாங்கல்லை பசை போட்டு ஒட்டியிருந்தா வாங்காதீங்க, ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா இன்னைக்கே ஸ்க்ரூ டிரைவர் வெச்சு பேர்த்து எடுங்க, அந்தக் கல்லு மேல ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு போயிடும், வேர் பக்கம் போகவே போகாது.

காசு குடுக்காம மரம் வேணும்னா தலையை நிமிர்த்திப் பாருங்க. பழைய வீட்டு சன்ஷேட்ல, மாடிச் சுவத்துல, மழைத்தண்ணி குழாய் ஓரத்துல காக்கா எச்சத்துல விழுந்த விதை முளைச்சு ஆலங்கன்னும் அரசங்கன்னும் நிக்கும். இப்ப என்கிட்ட இருக்குறதுலயே நல்ல மரம் அப்படி வந்ததுதான். எங்க பக்கத்து வீட்ல பூச்சு வேலை நடந்தப்ப சன்ஷேட்ல ஒரு கல்லிச்சி இருந்துச்சு, கொத்தனார் உளி எடுத்துட்டு நிக்குறாரு, "அண்ணே, அதை எனக்கு குடுத்துடுங்க"ன்னேன். "எடுத்துக்க தம்பி, ஆனா வேரோட வரணும், துளி விட்டாலும் மறுபடி கெளம்பி செவுத்தைப் பொளந்துரும்"னாரு. அவரே பொறுமையா சுத்தி காரையை பேர்த்து எடுத்துக் குடுத்தாரு. அரை அடிக்கு மேல இல்ல கன்னு, ஆனா அடியில வேர் சுவத்தோட அழுந்தி தட்டையா, நாலு விரல் அகலத்துக்கு பாறையில வழிஞ்ச மெழுகு மாதிரி இருந்துச்சு. அப்படி ஒரு அடிவேர் தொட்டில வளத்தா பத்து வருஷம் ஆகும். எடுத்ததும் ஈரத்துணில சுத்தி, இலை எல்லாத்தையும் கிள்ளிட்டு, மணல்ல நட்டு நிழல்ல வெச்சேன், மழைக்காலம்ன்றதால மூணே வாரத்துல துளிர் விட்டுச்சு.

இந்த மாதிரி கன்னை உடனே அழகான தட்டுல வெச்சிடாதீங்க. நிறைய பேர் பண்ற தப்பு இது. தட்டுல வெச்சதும் தண்டு தடிக்கிறது கிட்டத்தட்ட நின்னுடும். முதல்ல பெரிய க்ரோ பேக்ல, முடிஞ்சா தரையில விட்டு ரெண்டு மூணு வருஷம் கண்டபடி வளர விடணும், தண்டு தடிச்ச அப்புறம் வெட்டி சின்னதாக்கணும். பெருசாக்கி அப்புறம் சிறுசாக்குறதுதான் போன்சாய்.

மண்ணு

சும்மா தோட்டத்து மண்ணு போட்டா ஆழம் கம்மியான தட்டுல அது களி மாதிரி இறுகி வேருக்கு காத்து இல்லாம போயிடும். ஜப்பான்காரங்க அகடமான்னு சுட்ட மாதிரி இருக்குற ஒரு களிமண் உருண்டை போடுறாங்க, இங்க அதோட விலை கட்டுப்படியாகாது. அதே வேலையை நம்ம செங்கல் பண்ணும். கட்டடம் கட்டுற இடத்துல உடைஞ்ச நாட்டுச் செங்கல் கேட்டா குடுப்பாங்க, சுத்தியால உடைச்சு ரெண்டு சல்லடையில சலிச்சு 3 மில்லிமீட்டர்ல இருந்து 6 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்குறதை மட்டும் எடுங்க, தூளை தூக்கிப் போடுங்க. சிவப்புத் தண்ணி நின்னு தெளியுற வரைக்கும் கழுவுங்க. இது ரெண்டு பங்கு, பருமணல் இல்லன்னா பெர்லைட் (நர்சரில விக்குற லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஜேடுக்கும் அடீனியத்துக்கும் உரத்தைப் பாதியாக் குறைச்சுக்கங்க. தண்ணி ஊத்தினா சில நொடில அடி ஓட்டை வழியா வெளிய வரணும், மேல தேங்கி நின்னா கலவை சரியில்லைன்னு அர்த்தம்.

தண்ணி

எத்தனை நாளுக்கு ஒரு தடவைன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்வியாலதான் அதிக மரம் சாகுது. ஒரு தென்னங்குச்சியோ ஐஸ்க்ரீம் குச்சியோ மண்ணுல ஒரு இன்ச் குத்தி பத்து நிமிஷம் விட்டு எடுத்துப் பாருங்க, ஈரமா கறுத்து வந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம், காய்ஞ்சு வந்தா இப்பவே ஊத்தணும். ஜேடுக்கு முழுசா காய்ஞ்ச அப்புறமும் ரெண்டு நாள் விடுங்க. ஊத்தும்போது பூவாளியில ஒரு தடவை நனைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி அடியில வழியுற வரைக்கும் ஊத்தணும், முதல் தடவை ஊத்துறதுல மண்ணு நனைஞ்சாதான் ரெண்டாவது தண்ணியை அது உறிஞ்சும். டீ டம்ளர்ல அளந்து ஊத்துறது வேணாம்.

போர் தண்ணி உப்பா இருந்தா தொட்டி ஓரத்துலயும் தண்டு அடியிலயும் வெள்ளையா பூத்துடும், இலை நுனி கருகும். மழைத்தண்ணி பிடிச்சு வைக்க முடிஞ்சா வைங்க, இல்லன்னா மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியை நிறைய ஊத்தி உப்பை அலசி விடுங்க. ஆர்ஓ மெஷின்ல வீணாப் போற தண்ணியை செடிக்கு ஊத்துறவங்க இருக்காங்க, போன்சாய்க்கு தயவுசெஞ்சு ஊத்தாதீங்க, வடிகட்டுன உப்பு பூரா அதுலதான் இருக்கு.

கத்திரி வெயில் சமயத்துல காலையும் சாயங்காலமும் ரெண்டு வேளை ஊத்தணும். தட்டுல மண்ணு கொஞ்சம்தான் இருக்கும், மாடித் தரையோட சூடு ஏறினா வேர் வெந்துடும், அதனால தரையில நேரா வைக்காம ஸ்டாண்டு இல்ல நாலு செங்கல் அடுக்கி அது மேல வைங்க, 50 சதவீத பச்சை வலை கட்டுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நேர் எதிர், மழை விடாம பெஞ்சா தொட்டிக்கு ஒரு பக்கம் ஓட்டுத்துண்டு முட்டுக் குடுத்து சாய்ச்சு வெச்சா தேங்குற தண்ணி வடிஞ்சிடும். அடீனியத்தை மட்டும் கூரைக்கு அடியில தள்ளிடுங்க, அடிக்கிழங்கை அமுக்கினா மெத்துனு இருந்தா அழுக ஆரம்பிச்சாச்சு, அப்ப நல்ல சதை தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு ஒரு வாரம் காய விட்டு நடணும்.

வெட்டுறதும் வளைக்கிறதும்

ஃபைக்கஸ்ல ஒரு கிளை ஆறு ஏழு இலை விடுற வரைக்கும் விட்டு அப்புறம் ரெண்டு இலை விட்டு வெட்டுங்க, வெட்டுன கணுவுல இருந்து ரெண்டு கிளை பிரியும், அந்த ரெண்டும் வளந்ததும் மறுபடி அதே மாதிரி. இப்படியே ரெண்டு வருஷம் போனா கிளை அடர்ந்து குடை மாதிரி வந்துடும். எந்தக் கிளையை வெச்சுக்கிறதுன்னு குழப்பம் வந்தா மரம் உங்க கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி உக்காந்து பாருங்க, ஒரே உயரத்துல எதிரெதிரா வர்றதுல ஒண்ணு, உள்பக்கமா வளர்றது, நேரா கீழ தொங்குறது, இதெல்லாம் எடுத்துடலாம். பால் வடிஞ்சா ஈரத்துணியால ஒத்தி எடுங்க, கைல கண்ணுல படாம பாத்துக்கங்க, அடீனியம் பால் விஷம், குழந்தைங்க, நாய் பூனை இருக்குற வீட்ல கவனம்.

கம்பி கட்ட அலுமினியக் கம்பிதான் நல்லது, கிளை தடிமன்ல மூணுல ஒரு பங்கு இருந்தா போதும். கிளை பிரியுற இடத்துல இருந்து ஆரம்பிச்சு 45 டிகிரி சாய்வா சுத்திக்கிட்டே போங்க. கட்டுற அன்னைக்கு காலைல தண்ணி ஊத்தாதீங்க, தண்ணி குடிச்ச கிளை விறைப்பா இருந்து படக்குனு ஒடியும். ஒரே நாள்ல முழுசா வளைக்க வேணாம். நம்ம ஊர் சூட்டுல ஃபைக்கஸ் வேகமா தடிக்கும், அதனால நாலாவது வாரத்துல இருந்தே பாத்துக்கிட்டே இருங்க, கம்பி பட்டைல பதிய ஆரம்பிச்சா உடனே எடுக்கணும், சுத்தி எடுக்காம கட்டரால துண்டு துண்டா வெட்டி எடுங்க, அந்தத் தழும்பு போக வருஷக்கணக்கா ஆகும்.

தொட்டி மாத்துறது

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா இதுதான் மரத்துக்கு புது உயிர் குடுக்குற வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணி உள்ள இறங்க நேரம் எடுத்தாலோ மரம் தொட்டில இருந்து மேல எழும்பி நின்னாலோ அதுக்கு முன்னாடியே. ஃபைக்கஸ், புளி எல்லாத்துக்கும் சென்னைல பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் நல்ல நேரம், விட்டா ஜூலை, ஆகஸ்ட். கத்திரியிலயும் அடைமழையிலயும் வேணாம்.

எல்லாத்தையும் கைக்கு எட்டுற மாதிரி எடுத்து வெச்சுட்டுதான் மரத்தைத் தொடணும், ஏன்னா வேர் காத்துல காயக் கூடாது. புதுத் தொட்டி ஓட்டைக்கு மேல கொசுவலை மாதிரி பிளாஸ்டிக் வலை வெச்சு, ஓட்டை வழியா ஒரு கம்பியை ரெண்டு முனையும் மேல வர்ற மாதிரி கோத்து வைங்க. மரத்தை எடுத்து வெளி ஓரத்துல இருந்து உள்ள பார்த்து குச்சியால வேரைச் சிக்கெடுங்க, தலை வாருற மாதிரி. அடியில சுத்திக்கிட்டு இருக்குற தடி வேரை வெட்டுங்க, மெல்லிசு வேர்தான் சாப்பாடு எடுக்கும், அதை வைங்க. மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்ட வேணாம், காகிதப்பூன்னா ஓரத்துல மட்டும். கொஞ்சம் கலவை போட்டு மரத்தை வெச்சு, அந்தக் கம்பியை வேர்க்கட்டு மேல இறுக்கி முறுக்குங்க. ஆடுற மரத்துல புது வேர் அறுந்துக்கிட்டே இருக்கும், அதனால இந்தக் கம்பியை விட்டுடாதீங்க. அப்புறம் மண்ணைப் போட்டு வேருக்கு நடுவுல சந்து இல்லாம குச்சியால குத்திக் குத்தி இறக்குங்க. தெளிவா வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தி ரெண்டு மூணு வாரம் நிழல்ல வைங்க, ஒரு மாசம் உரம் வேணாம். ஜேடும் அடீனியமும் மட்டும் விதிவிலக்கு, நட்டுட்டு ஒரு வாரம் தண்ணியே காட்டாதீங்க, வேர்ல இருக்குற வெட்டு ஆறணும்.

உரத்துக்கு கடலைப் புண்ணாக்கை மூணு நாள் ஊற வெச்சு ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை, மழைக்காலத்துல நிறுத்திடுங்க. மாவுப்பூச்சி வந்தா ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து சாயங்காலமா அடிங்க. கல்லிச்சி இலை ரெண்டா மடிஞ்சு உள்ள கறுப்பா பூச்சி ஓடினா மருந்து படாது, அந்த இலைகளைக் கிள்ளி மூட்டை கட்டிப் போட்டுடுங்க.

மரத்தைக் கொடுமைப்படுத்துறீங்கன்னு எங்க அத்தையே சொன்னாங்க, நிறைய வீட்ல இந்தப் பேச்சு வரும். அமெரிக்கால வாஷிங்டன்ல நேஷனல் ஆர்போரீட்டம்னு ஒரு அரசு மரத்தோட்டத்துல ஒரு வெள்ளை பைன் இருக்கு, 1625ல இருந்து தொட்டில வளர்றது. யாமகின்ற குடும்பத்தோட மரம், 1945 ஆகஸ்ட் 6 அன்னைக்கு ஹிரோஷிமால குண்டு விழுந்த இடத்துல இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துல வெளிய ஒரு சுவத்துக்குப் பின்னாடி நின்னுச்சு, தப்பிச்சுது. 1976ல அமெரிக்காவுக்கே பரிசா குடுத்தாங்க, அது ஹிரோஷிமா மரம்னு அங்க தெரிய வந்ததே 2001ல யாமகி வீட்டுப் பேரப்பசங்க பார்க்க வந்தப்பதான். அத்தைகிட்ட இதைச் சொன்னேன், அதுக்கப்புறம் நான் ஊருக்குப் போனா மாடிக்குப் போய் குச்சி குத்திப் பார்த்து தண்ணி ஊத்துறது அவங்கதான்.

மரம் காய்ஞ்ச மாதிரி இருந்தா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி நகத்தால பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உயிர் இருக்கு, நிழலுக்கு மாத்தி காத்திருங்க.

சன்ஷேட்ல இருந்து வந்த அந்த கல்லிச்சிக்கு போன மழைக்கு விழுது விட ஆரம்பிச்சுது, நூல் மாதிரி சிவப்பா. காத்துல ஈரம் குறைஞ்சதும் அது காய்ஞ்சிடும்ன்றதால ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை நீளவாக்குல கீறி அதுக்குள்ள விழுதை விட்டு, ஈரப் பாசியை அடைச்சு, ஸ்ட்ரா அடியை மண்ணுல ஊன்றி வெச்சேன். ஒண்ணு மண்ணைத் தொட்டு பிடிச்சுக்கிச்சு, ஸ்ட்ராவைக் கழட்டியாச்சு, இப்ப தீக்குச்சி தடிமன் இருக்கு. இன்னொண்ணுக்கு இன்னும் ஒரு விரக்கடை போகணும்.